பெஞ்சிலிருந்து எழுந்த மட்டராஸி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அணைகளிலிருந்து வந்த தண்ணீரும் காட்டாறுகளில் வந்த தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணி கரைமீறிப் போனது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிக் கிடந்தது. சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாடிக்கு ஏறும்போது அம்மா கையில் எடுத்தது ரேஷன் கார்டும் நகைப்பையும். நான் எடுத்தது அப்பாவின் மாத்திரை டப்பா. கட்டிலுக்கு அடியில் இருந்த ட்ரங்குப் பெட்டி யாருக்கும் நினைவில் இல்லை.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் அந்தப் பெட்டியைத் திறந்தேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பத்திரிகைகளில் வெட்டி, நீள நோட்டுகளில் ஒட்டி வைத்திருந்த கால்பந்துப் படங்கள் மொத்தமும் ஒரே கட்டியாகிச் சேறும் பசையுமாக இருந்தன. மொட்டை மாடியில் வெயிலில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தேன். பிரித்தால் கிழிந்தது. கிழியாமல் வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் பாதி.

அந்தப் பாதியில் இருப்பவர் மார்கோ மட்டராஸி. 2005 ஏப்ரல் 12, மிலான் நகரத்து சான் சீரோ மைதானம். சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி. இன்டர் அணியும் ஏசி மிலானும் ஒரே ஊர், ஒரே மைதானம், ஆனால் ஜென்மப் பகை. இன்டர் ரசிகர்கள் எரியும் தீப்பந்தங்களை மைதானத்துக்குள் வீச, ஒன்று மிலான் கோலி டீடாவின் தோளில் விழுந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சிவப்பும் சாம்பலுமாகப் புகை எழும்பிக்கொண்டிருக்க, இன்டரின் மட்டராஸி எதிரணியின் ருய் கோஸ்டா தோளில் முழங்கையை ஊன்றி நிற்கிறார். இரண்டு பேரும் தீயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டெஃபானோ ரெல்லாந்தினி எடுத்த படம் அது. என்னிடம் மிஞ்சியது மட்டராஸி இருக்கும் பக்கம். ருய் கோஸ்டாவின் தோள் மட்டும் இருக்கிறது, முகம் ஆற்றோடு போய்விட்டது.

அந்தத் தாளைக் காய வைத்துக்கொண்டிருந்தபோது மாடிக்கு வந்த மாமா மகன் கேட்டான். "இவன் யாரு அத்தான், ஜிடேன் நெஞ்சுல முட்டுனாம்லா, அந்த ஆளா?"

அந்த ஆள்தான். ஆனால் அது மட்டும்தானா அந்த ஆள்? அன்றைக்கு மாடியில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எனக்கு மட்டராஸி மேல் ஏன் இவ்வளவு பிடிப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நான் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக விளையாடினேன். விளையாடினேன் என்பதைவிட, இரண்டு வருடம் எக்ஸ்ட்ராவாக உட்கார்ந்திருந்தேன் என்பது சரி. எங்கள் அணியின் முதல் ஸ்டாப்பர் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். தலையால் அடித்தால் பந்து பாதி மைதானம் தாண்டும். அவர் இருக்கும்வரை எனக்கு இடமில்லை. அது நியாயம்தான், அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் எக்ஸ்ட்ராவாக உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கடம் உண்டு. ஆங்க்லெட் கட்டி, ஷூ லேஸை இறுக்கி, முழுசாகத் தயாராகித்தான் உட்கார வேண்டும். நமக்கு இடம் கிடைக்கவேண்டும் என்றால் நம் ஆள் ஒருவருக்கு அடிபட வேண்டும். அதை மனசு நினைக்கக்கூடாது. நினைக்காமலும் இருக்காது.

ஃபார்வர்டு ஆட்டக்காரனுக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு கிடையாது. கோல் வேண்டுமென்றால் பி.டி. சார் கடைசிப் பத்து நிமிடத்தில் இன்னொரு ஃபார்வர்டை இறக்குவார். ஆட்டத்தின் நடுவே ஸ்டாப்பரை யாரும் மாற்றுவதில்லை. கோலியும் ஸ்டாப்பரும் வீட்டுக் கதவு மாதிரி, தேவையில்லாமல் கழற்ற மாட்டார்கள். இத்தாலிக்காரர்கள் தங்கள் தடுப்பாட்ட முறைக்கு வைத்த பெயரே 'கதெனாச்சோ'. தாழ்ப்பாள் என்று அர்த்தம். அந்த ஊரில் தாழ்ப்பாள் ஆவதற்குக் கூட்டம் அதிகம். பாரேஸி, மால்தீனி, நெஸ்டா, கன்னவாரோ என்று வரிசையாக நிற்கும் இடத்தில், மட்டராஸி 27 வயதுவரை தேசிய அணியின் சட்டையைப் போட்டதில்லை.

1973 ஆகஸ்ட் 19-இல் லெச்சே நகரத்தில் பிறந்தவர். இத்தாலியின் குதிகால் பகுதி அது. அப்பா ஜுசெப்பே மட்டராஸியும் கால்பந்து ஆட்டக்காரர், பிறகு லாட்ஸியோ உட்படப் பல அணிகளுக்குப் பயிற்சியாளர். அப்பா பெயரைச் சொல்லிப் பெரிய அணிக்குள் நுழைந்த கதையாக இது இல்லை. மார்சாலா, த்ரபானி என்று சிசிலித் தீவின் சின்ன ஊர்களில், கீழ்ப்பிரிவு ஆட்டங்களில்தான் அவர் வளர்ந்தார். பிறகு பெரூஜா. அங்கிருந்து கார்பிக்கு இரவலாக அனுப்பினார்கள். 1998-இல் இங்கிலாந்தின் எவர்ட்டன். ஒரே ஒரு சீசன், சிவப்பு அட்டைகளோடு முடிந்துபோனது. மறுபடி பெரூஜா. இருபத்தாறு வயதில் ஒரு ஸ்டாப்பர் விட்ட இடத்துக்கே திரும்பி வந்தால், நம் ஊரில் என்றால் "போதும்ல, ஒரு வேலையப் பாரு" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

பெரூஜாவில் அவர் ஆடிய ஒரு ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2000 மே 14, சீசனின் கடைசி நாள். பெரூஜாவை வென்றால் யுவென்டஸுக்குப் பட்டம். இடைவேளையில் கொட்டிய மழையில் மைதானம் குளமாகிவிட்டது. நடுவர் கொலினா ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்து, குடை பிடித்தபடி பந்தைத் தரையில் போட்டுப் பார்த்து, பிறகு ஆட்டத்தைத் தொடர வைத்தார். பெரூஜா 1-0 என்று ஜெயித்தது. யுவென்டஸ் தோற்றதால் பட்டம் லாட்ஸியோவுக்குப் போனது.

இரண்டு வருடம் கழித்து, 2002 மே 5. இப்போது மட்டராஸி இன்டரில். கடைசி நாளில் லாட்ஸியோவை ரோமில் ஜெயித்தால் பட்டம் இன்டருக்கு. இரண்டு முறை முன்னிலை எடுத்தும் 2-4 என்று தோற்றார்கள். பட்டம் யுவென்டஸுக்கு, இன்டருக்கு மூன்றாம் இடம். அன்றைக்கு மட்டராஸி மைதானத்தில் அழுதபடி லாட்ஸியோ ஆட்டக்காரர்களிடம், உங்களுக்கு ஒரு பட்டம் வாங்கித் தந்தவன் நான் என்று கதறினார். எனக்கு மற்றக் காட்சிகளைவிட இதுதான் நெருக்கமானது. கணக்குத் தீர்க்கத் தெரியாத ஒருவர், தன் பழைய உழைப்பை ஞாபகப்படுத்தி எதிரணியிடம் முறையிடுகிறார். எங்கள் ஊர்ப்பக்கம், அடுத்த வயலுக்கு ஒரு காலத்தில் தண்ணீர் விட்டவர், தன் வயல் காயும்போது அந்த வயல்காரரிடம் போய் நிற்பதைப் போல.

நடுவில் ஒரு சாதனையைச் சொல்லிவிடுகிறேன். 2000-01 சீசனில் பெரூஜாவுக்காக 12 கோல். பெனால்டிகளும் சேர்த்துத்தான். ஆனாலும் இத்தாலியின் முதல் பிரிவில் ஒரு தடுப்பாட்டக்காரர் ஒரே சீசனில் அடித்ததில் அதுவரை அதிகபட்சம் அர்ஜென்டினாவின் பஸரெல்லா ஃபியோரென்டினாவுக்காக அடித்த 11. அதை இவர் தாண்டினார். அந்த சீசனின் முடிவில்தான், 2001 ஏப்ரலில், தேசிய அணிக்குள் வந்தார். அதே வருடம் இன்டர் அவரை வாங்கியது. பத்து வருடம் அங்கேதான்.

இனி 2006 உலகக் கோப்பை. ஜூன் 22, எங்கள் நேரத்துக்கு மாலை ஏழரை. ஹாம்பர்க்கில் இத்தாலியும் செக் குடியரசும். நான் வீட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 17-வது நிமிடத்தில் நெஸ்டா தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார். 1998-இலும் முதல் சுற்றிலேயே அடிபட்டு வெளியேறினார், 2002-இலும் அப்படியே, இது மூன்றாவது உலகக் கோப்பை. உலகத்தின் மிகச் சிறந்த ஸ்டாப்பர் ஒருவருக்கு மூன்று முறையும் முதல் சுற்றிலேயே அடிபட்டால் அதை என்னவென்று சொல்வது? கேமரா பெஞ்சைக் காட்டுகிறது. மட்டராஸி எழுந்து மேல்சட்டையைக் கழற்றுகிறார். முகத்தில் சிரிப்பும் இல்லை, பதற்றமும் இல்லை. எனக்கு அந்த முகம் தெரியும். நம் ஆள் நொண்டிக்கொண்டு வெளியே வரும்போது நாம் எந்த முகத்தோடு உள்ளே போவது என்று தெரியாத முகம் அது.

இறங்கிப் பத்து நிமிடத்துக்குள் டோட்டி எடுத்த கார்னரில் எல்லாருக்கும் மேலே எழும்பித் தலையால் அடித்தார். 1-0. அப்பா, "எலே, இந்தப் பய யாருல?" என்றார். எங்கள் வீட்டில் கால்பந்து பார்க்கிற வழக்கமே இல்லாத அப்பா.

அடுத்த ஆட்டம் ஆஸ்திரேலியாவோடு. 50-வது நிமிடத்தில் சிவப்பு அட்டை. பத்து பேரோடு இத்தாலி தாக்குப்பிடித்து, கடைசி நொடிகளில் டோட்டியின் பெனால்டியால் தப்பியது. உக்ரைனுக்கு எதிரான கால் இறுதியில் மட்டராஸி வெளியே. அரை இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக மறுபடி உள்ளே. கன்னவாரோவும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று 120 நிமிடம் ஜெர்மனியை அவர்கள் சொந்த மண்ணில் ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை.

ஜூலை 9 ஞாயிற்றுக்கிழமை, பெர்லினில் பிரான்ஸோடு இறுதி ஆட்டம். எங்களுக்கு இரவு பதினொன்றரை. கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் எங்கள் வீட்டு முன்னறையில். ஆற்றங்கரைக் காற்று வந்தும் புழுக்கம். 7-வது நிமிடத்தில் பிரான்ஸின் மலூடா விழுகிறார், ஃபவுல் செய்தது மட்டராஸி, பெனால்டி. ஜிடேன் பந்தை மெதுவாக எடுத்து மேலே தட்டிவிட்டார், பாரில் பட்டு உள்ளே விழுந்தது. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஏழு நிமிடத்துக்குள் நாம் செய்த தப்பால் ஒரு கோல் விழுந்தால் கால்கள் மரத்துப்போகும். அவருக்குப் போகவில்லை. 19-வது நிமிடம், பிர்லோவின் கார்னர், வியேராவுக்கு மேலே எழும்பித் தலையால் ஒரே அடி. 1-1. இறுதி ஆட்டத்தின் இரண்டு கோலும் இவர் கணக்கில்தான் வருகின்றன, ஒன்று கொடுத்தது, ஒன்று எடுத்தது.

110-வது நிமிடத்தில் நடந்தது உலகத்துக்கே தெரியும். ஜிடேனின் சட்டையை மட்டராஸி பிடித்து இழுத்தார். சட்டை வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்ததும் தருகிறேன் என்றார் ஜிடேன். பதிலுக்கு மட்டராஸி அவருடைய சகோதரியைப் பற்றிக் கேவலமாக ஒன்று சொன்னார். ஜிடேன் திரும்பி வந்து நெஞ்சில் முட்டினார், சிவப்பு அட்டை வாங்கினார், கோப்பையைக் கடந்து படியிறங்கிப் போனார்.

இதில் நான் மட்டராஸிக்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. அவர் சொன்னது தப்பு. பாளையங்கோட்டை மைதானங்களில் விளையாடியவர்களுக்குத் தெரியும், இங்கே பெரும்பாலான அடிதடி அக்கா தங்கச்சியை இழுத்துப் பேசுவதில்தான் தொடங்கும். எங்கள் பி.டி. சார் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். யார் முதலில் கை ஓங்கினான் என்று கேட்க மாட்டார். "எவன்ல வீட்டுப் பொம்பளையப் பேசுனது?" என்று கேட்டு, அவனை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். முட்டியவனும் வெளியே, பேசியவனும் வெளியே. ஃபிஃபாவும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தது. ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடை, மட்டராஸிக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5,000 ஸ்விஸ் ஃபிராங்க் அபராதமும். தடையை அவர் அனுபவித்து முடித்தார். இதில் வேறொன்றும் நடந்தது. அவர் இனவெறியாகப் பேசினார், ஜிடேனின் தாயைப் பேசினார் என்று இஷ்டத்துக்கு எழுதித் தள்ளினார்கள். தாயைப் பேசவே இல்லை, பதினைந்து வயதில் தாயை இழந்தவன் நான் என்று அவர் சொன்னதை அப்போது கேட்க ஆளில்லை. பிறகு பொய்யாக எழுதிய ஆங்கில நாளிதழ்கள் அவருக்கு இழப்பீடு கொடுத்தன. அந்தச் செய்தி எத்தனை பேரை எட்டியது?

முட்டு வாங்கி விழுந்தவர் எழுந்து மிச்ச நேரம் ஆடினார், பெனால்டி வரிசையில் இரண்டாவதாகப் போய் அடித்தார் என்பதும் பலருக்கு நினைவில்லை. பிர்லோ, மட்டராஸி, டி ரோஸி, டெல் பியரோ, குரோஸோ. ஐந்தும் உள்ளே. பிரான்ஸின் த்ரெசெகே அடித்தது பாரில் பட்டது. அந்த உலகக் கோப்பை முழுக்க இத்தாலி வாங்கியது இரண்டே கோல். ஒன்று தானே போட்டுக்கொண்டது, மற்றது ஜிடேனின் பெனால்டி. இத்தாலி அடித்தது 12 கோல், அடித்தவர்கள் பத்துப் பேர். இரண்டு கோல் அடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதல் ஃபார்வர்டு லூகா டோனி. இன்னொருவர் எக்ஸ்ட்ராவாக வந்த இந்த ஸ்டாப்பர். இதைத்தான் மாமா மகனிடம் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

இவர் சாது என்று சொல்ல வரவில்லை. 2004-இல் தான் ஆடாத ஒரு ஆட்டத்தின் முடிவில் சியெனா அணியின் சிரில்லோவை அடித்து இரண்டு மாதத் தடை வாங்கியவர். கடினமான ஆள். முரட்டு ஃபவுல்கள் நிறைய. ஆனால் இன்டரில் அவரோடு ஆடியவர்கள் அவரைக் கொண்டாடினார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 2007 ஏப்ரல் 22-இல் அதே சியெனாவில் இரண்டு கோல் அடித்துப் பட்டத்தை உறுதி செய்தார். அடுத்த வருடம் அதே சியெனாவுக்கு எதிராகப் பட்டத்தை முடித்திருக்க வேண்டிய பெனால்டியைத் தவறவிட்டார். இரண்டையும் செய்தவர்தான் மட்டராஸி. ஐந்து லீக் பட்டங்கள். 2010 மே 22, மாட்ரிட், சாம்பியன்ஸ் லீக் இறுதி. கடைசி நிமிடத்தில் மிலித்தோவுக்குப் பதில் இறங்கினார். அன்றிரவு மைதானத்துக்கு வெளியே, ரியல் மாட்ரிட்டுக்குப் போகவிருந்த பயிற்சியாளர் மொரீன்யோ காரை நிறுத்தச் சொல்லி இறங்கி வருகிறார். சுவரோரம் நின்ற மட்டராஸியைக் கட்டிப்பிடிக்கிறார். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுகிறார்கள். எத்தனையோ நட்சத்திரங்கள் இருந்த அணியில், அந்தப் பயிற்சியாளர் கார் நிறுத்தி இறங்கியது பெஞ்சிலிருந்து வந்த இந்த மனிதனுக்காக.

இத்தனையும் தொலைக்காட்சியில் பார்த்தது. பிறகு அந்த ஆளே நம் ஊருக்கு வந்தார்.

இத்தாலிக்காரர்கள் தமிழ்நாட்டுக்கு வருவது புதிதில்லை. எங்கள் ஊருக்கு வடக்கே காமநாயக்கன்பட்டியில் பணி செய்த பெஸ்கி, வீரமாமுனிவர் என்று தமிழில் நிலைத்துவிட்டார். கால்பந்துக்கு ஒருவர் வருவார் என்றுதான் யாரும் எதிர்பார்க்கவில்லை. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்சி அணிக்கு ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக மட்டராஸி. வயது 41. அவர் அழைத்து, ஓய்வுபெற்றிருந்த அலெசாண்ட்ரோ நெஸ்டாவும் அந்த சீசனின் பிற்பகுதியில் சில ஆட்டங்களுக்கு வந்தார். 2006-இல் ஒருவர் நொண்டி வெளியே வந்ததால் இன்னொருவர் உள்ளே போனார். எட்டு வருடம் கழித்து, உள்ளே போனவர் தன் அணிக்கு மற்றவரை அழைக்கிறார், அதுவும் பெரியமேட்டில் உள்ள நேரு விளையாட்டரங்கத்துக்கு. எங்கள் மூத்த ஸ்டாப்பருக்கு அன்றைக்கு நான் போன் போட்டேன். அவர் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். "நெஸ்டாவைக் கூப்பிட்டுட்டான் பாத்தியா" என்று அவரும் அதையேதான் சொன்னார்.

அந்த முதல் சீசனில் லீக் சுற்றில் முதலிடம். அரை இறுதியில் கேரளாவிடம் கொச்சியில் 0-3. சென்னையில் திரும்ப ஆடியபோது மூன்று கோலையும் அடித்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தின் 117-வது நிமிடத்தில் பியர்சன் அடித்த கோலில் எல்லாம் போனது.

நான் நேரில் பார்த்தது 2015 நவம்பரில். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கி, அன்றைய நாளை எப்படியோ ஓட்டிவிட்டு, மாலையில் ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கு நடந்தே போனேன். மட்டராஸி அந்த சீசனில் பயிற்சியாளராகக் கோட்டுக்கு வெளியே நின்றார். ஆட்டத்தின் பாதி நேரம் நான் பந்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். பந்து எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போது எல்லாப் பயிற்சியாளர்களும் அங்கேதான் பார்ப்பார்கள். இவர் திரும்பித் தன் பேக் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையையும் முன்னால் தள்ளித் தள்ளிக் காட்டுகிறார், வரிசையை மேலே ஏற்று என்று. வலது பேக் இரண்டு அடி பின்தங்கி நிற்கிறார். விரல் இரண்டைக் காட்டுகிறார். அவர் இரண்டு அடி ஏறியதும் கையைக் கீழே போடுகிறார். அவ்வளவுதான். கோல் விழவில்லை, கூட்டம் கத்தவில்லை, யாரும் அதைப் பார்க்கவில்லை. எங்கள் பி.டி. சார் சொல்வதும் இதையேதான்: "பந்தைப் பாக்காதல, ஆளைப் பாரு, உன் கூட நிக்கவனப் பாரு."

அந்த பேக் வரிசையில் அந்த வருடம் காஷ்மீரின் மெஹ்ராஜுதீன் வாடு, மணிப்பூரின் தனச்சந்திர சிங், பிரான்ஸின் பெர்னார் மெண்டி, பிரேசிலின் மாயில்சன் ஆல்வஸ் என்று நான்கு திசைக்காரர்கள் இருந்தார்கள். சீசனில் நான்கு ஆட்டம் மிச்சமிருக்கும்போது அணி கடைசி இடத்தில். அந்த நான்கையும் ஜெயித்து, 22 புள்ளிகளோடு மூன்றாம் இடத்துக்கு ஏறி அரை இறுதிக்குள் வந்தார்கள். அதற்குள் சென்னையில் மழை. டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாற்றில் வந்த வெள்ளத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விமான நிலையமே மூழ்கியது. சொந்த மைதானத்தில் ஆடவேண்டிய அரை இறுதியை புனேக்கு மாற்றினார்கள். தன் ஊர் தண்ணீரில் கிடக்க, தன் ரசிகர்கள் யாரும் வர முடியாத வேற்று ஊரில் சொந்த ஆட்டம். கொல்கத்தாவை அங்கே 3-0 என்று ஜெயித்தார்கள். திரும்பப் போய் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் இறுதிக்கு வந்துவிட்டார்கள்.

டிசம்பர் 20, கோவாவின் ஃபத்தோர்டா. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. அந்த ஊரே கொண்டாட ஆரம்பித்துவிட்டது. 90-வது நிமிடத்தில் பந்து கோவா கோலி கட்டிமணி கைபட்டு அவர் வலைக்குள்ளேயே விழுந்தது. இஞ்சுரி டைமில் சென்னை அணியின் மெண்டோசா. 3-2. நான் எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் நின்று அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். கடையில் கால்பந்து பார்த்தது நாங்கள் மூன்றே பேர். வெள்ளத்தில் சென்னை நொடிந்துபோயிருந்த அந்த மாதத்தில் அந்த ஊரின் பெயரோடு ஒரு கோப்பை வந்தது. பெர்லினில் நின்ற அதே ஆள்தான் அதைக் கொண்டுவந்தார். எட்டு வருடம் கழித்து எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அந்தக் கோப்பையின் அருமை எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

2016 சீசன் சரியாகப் போகவில்லை. ஏழாம் இடம். 2017-இன் தொடக்கத்தில் அவர் அணியை விட்டுப் போனார். 2018-இல் ஜான் கிரெகரி பயிற்சியில் சென்னையின் மறுபடி கோப்பை வென்றது. பெங்களூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை அணியின் முதல் இரண்டு கோலும் அடித்தது மாயில்சன் ஆல்வஸ். ஃபார்வர்டு இல்லை, ஸ்டாப்பர். இரண்டும் தலையால் அடித்தது. மட்டராஸியின் பேக் வரிசையில் நின்றவர். அந்த இறுதி ஆட்டத்தில் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷும் ஆடினார் என்பதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

இத்தாலிக்காக 41 ஆட்டம், இரண்டு கோல். இரண்டும் ஒரே உலகக் கோப்பையில். ஜிடேன் முட்டிய காட்சியை ஐந்து மீட்டர் உயர வெண்கலச் சிலையாகச் செய்து பாரீஸில் வைத்தார்கள், பிறகு தோஹாவுக்குக் கொண்டுபோனார்கள். 19-வது நிமிடத்தில் எழும்பிய அந்தத் தலைக்குச் சிலை இல்லை. என்னைக் கேட்டால் அந்த ராத்திரியின் பெரிய காட்சி அதுதான். தப்பு செய்து பன்னிரண்டே நிமிடத்தில் அதைத் திருத்திய ஆட்டக்காரரை நான் வேறு எந்த இறுதி ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

இப்போது மாலை நேரங்களில் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் போவேன். பையன்கள் விளையாடுவார்கள். யாரிடம் கேட்டாலும் ஃபார்வர்டு என்பான். பேக் நிற்பவனைக் கேட்டால் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வான். போன வாரம் அப்படி ஒருவனிடம், காய்ந்து மொறுமொறுத்த அந்தப் பாதிப் படத்தைக் காட்டினேன். இப்போது கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். "இவரு பேக்கா சார்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

2014, 2015 ஆண்டுகளில் நேரு விளையாட்டரங்கத்துக்கு ஆட்டம் பார்க்கப் போனவர்கள் இதைப் படித்தால், உங்கள் போனில் அன்றைக்கு எடுத்த படங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே மட்டராஸி நிற்கும் படம் ஒன்று இருந்தால் எனக்கு ஒரு பிரதி தாருங்கள். நான் எடுத்தவை பழைய போனில் இருந்தன. அந்த போனும் ட்ரங்குப் பெட்டிக்குள்தான் இருந்தது.